கதை எங்கே கிளம்புகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிறோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், ஒரு மின்வாரிய ஊழியர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். ஒருவர் தன் கதையைப் படிக்க, மற்றவர்கள் பேசுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டும்: "எல்லாம் நல்லா இருக்கு, ஆனா கதை கிளம்பவே இல்லையே." அதை ஒட்டி எழுந்த கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்ச்சொல்லிலேயே குறித்து வைத்திருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஒரு சொல்லை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கதையைக் கிளப்பிவிடும் நிகழ்வை எங்கள் கூட்டத்தில் "தூண்டல்" என்போம். அகலில் எண்ணெய் இருக்கும், திரி இருக்கும், சுடரும் மங்கலாக இருக்கும். ஒரு குச்சி திரியைத் தூண்டினால்தான் வெளிச்சம் எழும். அந்தக் குச்சியின் வேலைதான் இது.

"தூண்டல்னா கதையோட முதல் காட்சிதானே?"

இல்லை. முதல் காட்சி வாசகர் நுழைகிற வாசல். தூண்டல், கதைமாந்தர் ஒருவரின் வாழ்க்கை நேற்றுவரை ஓடிய தடத்தைவிட்டு விலகுகிற இடம். இரண்டும் ஒரே வரியில் வரலாம், பத்துப் பக்கம் தள்ளியும் வரலாம்.

மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசன் தேரில் போகிறான், கன்று சக்கரத்தில் விழுந்து சாகிறது, தாய்ப்பசு அரண்மனை வாயிலில் வந்து மணியை அடிக்கிறது. தூண்டல் எது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் கன்றின் சாவைச் சொல்வார்கள். பெரியபுராணத்தைப் பாருங்கள். கன்று இறந்ததும் இளவரசன் பதறி, அதற்குப் பரிகாரம் கேட்டு அந்தணர்களிடம் போகிறான். அது இளவரசனின் கதை. அரசனுக்கு அந்த நேரம்வரை எதுவும் தெரியாது. அவன் வாழ்க்கை புரள்வது மணியோசை காதில் விழும்போதுதான். கதை அரசனுடையது என்றால் தூண்டல் மணிதான். ஆகவே "என்ன நடந்தது" என்று கேட்பதற்கு முன்னால் "யாருக்கு நடந்தது" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"பெரிய சம்பவமா இருந்தாத்தானே சார் வாசகன் உள்ளே வருவான்? சாவு, விபத்து, கொலை மாதிரி?"

இந்தக் கேள்வியைத்தான் அதிகமாகக் கேட்டிருக்கிறேன். நம் பழைய காப்பியங்களே இதற்குப் பதில் சொல்லிவிடுகின்றன. மணிமேகலையில் மாதவி தன் துயரத்தைச் சொல்லக் கேட்ட மகள் அழுகிறாள். கண்ணீர் அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் விழுகிறது. மாலை தூய்மை கெட்டது, புதுப் பூ பறித்து வா என்கிறாள் தாய். பூப்பறிக்கப் போன இடத்துக்கு உதயகுமாரன் வருகிறான், மணிமேகலா தெய்வம் வருகிறது, அவள் வாழ்க்கை முழுக்கத் திசை மாறுகிறது. எல்லாம் கிளம்பியது சில சொட்டுக் கண்ணீரில்.

சத்தத்தின் அளவு முக்கியமே இல்லை. முதல் பத்தியிலேயே லாரி மோதி ஆள் சாகிற கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த ஆள் யாரென்று நமக்குத் தெரியாததால் அந்தச் சாவு செய்தித்தாளில் வாசித்ததைப் போலக் கடந்துபோய்விடுகிறது.

"அப்போ எந்தச் சின்ன விஷயமும் தூண்டல் ஆயிடுமா? என் கதையில ஒருத்தன் பஸ்ஸை விட்டுடுறான்."

ஆகாது. அடுத்த பஸ் வந்தால் அவன் ஏறிப் போய்விடுவான். நான் வைக்கிற சோதனை ஒன்றுதான்: இது நடந்த மறுநாள் காலையில் அவரால் நேற்றைப் போலவே பல் துலக்கி, காப்பி குடித்து, வேலைக்குப் போக முடியுமா? மனம் கெடாமல் முடியும் என்றால் அது தூண்டல் ஆகாது, வெறும் சம்பவம்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் எழுதிய கதையை அவர் அனுமதியோடு சொல்கிறேன். இனி வரும் பதில்களிலும் அதைத்தான் காட்டுவேன். செல்வி அடகுக் கடையில் கணக்கெழுதுகிறாள். நகையை எடை போடுவது, முதலாளி உரைகல்லில் உரசிப் பார்த்துத் தொகை சொன்னதும் ரசீது எழுதுவது, இதுதான் அவள் வேலை. ஒரு நாள் முன்பின் தெரியாத ஒரு பெண் மூன்று பவுன் சங்கிலி ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறாள். கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணி அறுந்து பற்றவைத்திருக்கிறது. அந்தப் பற்று செல்விக்குத் தெரியும். தங்கை கல்யாணத்துக்காக மூன்று வருடம் நகைச்சீட்டு கட்டி அவளே வாங்கிப் போட்ட சங்கிலி அது.

நடந்தது சின்ன விஷயம்தான். மேசைமேல் ஒரு சங்கிலி வைக்கப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ராத்திரி அவளால் தங்கையோடு போனில் "சாப்பிட்டியா" என்று சாதாரணமாகக் கேட்க முடியுமா? முடியாது. கதை கிளம்பிவிட்டது.

"சரி, சங்கிலியைப் பார்த்தா. அதே சங்கிலியை வேற யாராவது பார்த்தா கதை இல்லையே. அப்போ தூண்டல் சங்கிலியா, செல்வியா?"

கேட்டவர் பதினெட்டு வயதுப் பெண். இந்தத் தொகுப்பிலேயே நல்ல கேள்வி இதுதான்.

இதற்குப் பதில் சிலப்பதிகாரத்துக்குப் பழைய காலத்தில் உரை எழுதிய அடியார்க்குநல்லாரிடம் இருக்கிறது. 1892இல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்தபோது இந்த உரையையும் சேர்த்தே பதிப்பித்தார். அரங்கேற்று காதை உரையில் நாடகத்தின் ஐந்து சந்திகள், அதாவது கதை வளரும் ஐந்து கட்டங்கள், வருகின்றன: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். ஐந்தையும் அடியார்க்குநல்லார் வயலை வைத்து விளக்குகிறார். உழுது பதப்படுத்திய நிலத்தில் இட்ட வித்து பருவம் பெற்று முளைப்பது முகம். இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். கருக்கொள்வது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

முதல் சந்தியை இன்னொரு முறை படியுங்கள். வித்துக்கு முன்னால் உழவு வருகிறது. நாம் எழுதும்போது வித்தைப் பற்றி மட்டும் யோசிக்கிறோம், அதிரடியான வித்தாகத் தேடுகிறோம். உழாத தரையில் எந்த வித்தைப் போட்டாலும் குருவிதான் தின்னும். செல்வி கதையில் நகைச்சீட்டு கட்டிய மூன்று வருடம் உழவு. அக்கா தங்கை இரண்டு பேர் மட்டும்தான் என்பது உழவு. "நம்ம கடைக்கு வர்றவங்க பேரு வாசலுக்கு வெளியே போகக்கூடாது" என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தது உழவு. சங்கிலி வித்து.

கம்பர் இதை எவ்வளவு நுட்பமாகச் செய்கிறார் பாருங்கள். இராமனுக்கு மறுநாள் முடிசூட்டு. அயோத்தியே அலங்காரத்தில் இருக்கிறது. அதைக் கண்ட கூனிக்குப் பழைய ஞாபகம் ஒன்று வருகிறது. சிறுவயதில் இராமன் வில்லால் எறிந்த மண்ணுருண்டை அவள்மேல் பட்டது. அந்தச் சின்ன வலியை இத்தனை வருடம் அவள் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள். இன்னொரு பக்கம் கைகேயியிடம் தசரதன் எப்போதோ கொடுத்து, அவள் கேட்காமலே வைத்திருந்த இரண்டு வரங்கள். நிலம் இரண்டு இடத்தில் உழுது கிடக்கிறது. முடிசூட்டுச் செய்தி விழுந்ததும் முளைத்துவிடுகிறது. இத்தனைக்கும் செய்தியைக் கேட்டதும் கைகேயி முதலில் மகிழ்ந்து கூனிக்கு மாலையைப் பரிசாகத் தருகிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. வித்து விழுந்த அந்த நொடியில் தரைக்கு மேலே எதுவும் தெரிவதில்லை.

"உழவு உழவுன்னா, முன்கதையையே பத்துப் பக்கம் எழுதிட வேண்டியதுதானா?"

வேண்டாம். உழவு வாசகர் கண்ணில் படவேண்டியது மிகக் கொஞ்சம். நகைச்சீட்டைப் பற்றி ஒரு வரி, முதலாளியின் பேச்சு ஒரு வரி, பற்றவைத்த கண்ணியைப் பற்றி ஒரு வரி போதும். சிறுகதையில் அந்த வரிகளைத் தூண்டலுக்குப் பின்னால்கூட வைக்கலாம். சங்கிலியைப் பார்த்ததும் அவள் விரல் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதை அடுத்த பத்தியில் சொல்லலாம்.

கம்பரும் மண்ணுருண்டையைக் கூனிக்கு ஞாபகம் வரும் இடத்தில் ஒரு பாட்டுக்குள் சொல்லி முடித்துவிடுகிறார்.

"எத்தனாவது பக்கத்துல வரணும்? ஒரு கணக்கு சொல்லுங்க அண்ணாச்சி."

சினிமாவுக்குத் திரைக்கதை எழுதுகிறவர்கள் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வரவேண்டும் என்பார்கள். இருட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். எழுத்துக்கு அப்படி ஒன்றை என்னால் சொல்ல முடியாது. ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள் முடிகிற சிறுகதையில் முதல் பக்கம் தாண்டியும் வராவிட்டால் எனக்குப் பொறுமை போய்விடும். நாவலில் முதல் அத்தியாயம் முழுக்க ஒரு தெருவின் வாழ்க்கையாக இருந்தாலும் படிப்பேன், அந்தத் தெருவில் ஏதோ ஒன்று தொட்டால் உடையும் நிலையில் இருக்கிறது என்று எழுத்து உணர்த்திக்கொண்டே இருந்தால்.

வேறு விதமாகவும் யோசிக்கலாம். எதை இழக்கப்போகிறார் என்று வாசகருக்குத் தெரிந்த கணமே தூண்டலுக்குச் சரியான நேரம். அதற்கு முன்னால் வந்தால் வலிக்காது. ரொம்பப் பின்னால் வந்தால், இது தெரிந்ததுதானே என்றாகிவிடும்.

"என் கதையில எல்லாம் கதை தொடங்குறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருச்சு. அது தப்பா?"

தப்பில்லை. கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் எழுதிய ஈடிபஸ் அரசன் நாடகம் அப்படிப்பட்டதுதான். தந்தையைக் கொன்றது, தாயை மணந்தது எல்லாம் பல வருடம் முன்னாலேயே முடிந்துவிட்டது. நாடகம் தொடங்கும்போது தீப்ஸ் நகரம் கொள்ளைநோயில் கிடக்கிறது. டெல்ஃபி கோயிலுக்குக் குறி கேட்கப் போன மைத்துனன் கிரேயோன் திரும்பி வந்து, முந்தைய அரசன் லேயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்து அப்புறப்படுத்தினால்தான் நோய் தீரும் என்று அசரீரி வாக்கைச் சொல்கிறான். அந்தச் செய்திதான் தூண்டல். கண்டுபிடித்தே தீருவேன் என்று ஈடிபஸ் சபதம் செய்கிறான். தேடப்படுகிறவன் அவனேதான்.

ஆக, நடந்த பழைய விஷயம் உழவாகிவிடுகிறது. இன்றைக்கு அதைத் தோண்டுகிற ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கடிதம், ஒரு விருந்தாளி, வீட்டை விற்பதற்காகப் பத்திரத்தைத் தேடும்போது கையில் கிடைத்த பழைய ரேஷன் கார்டு, எதுவானாலும் சரி. அது இல்லாமல் முழுக் கதையும் நினைவோட்டமாகவே போனால், கதைமாந்தர் ஏன் இதையெல்லாம் இன்றைக்கு நினைக்கிறார் என்ற கேள்வி வாசகர் மனதில் நின்றுகொண்டே இருக்கும்.

"தற்செயலா நடந்தா ஒத்துக்குவாங்களா? 'இதெல்லாம் சினிமாத்தனம்'னு சொல்லிடுவாங்களே."

தொடக்கத்தில் தற்செயல் வரலாம். உலகத்தில் ஆயிரம் பேருக்கு நடக்காதது இவருக்கு நடந்தது, அதனால்தான் இந்தக் கதையைச் சொல்கிறோம். வாசகர் அந்த ஒன்றை மனமுவந்து தருவார். இரண்டாவது கேட்டால் முகம் சுளிப்பார்.

செல்வி கதையின் முதல் பிரதியில் சங்கிலியைக் கொண்டுவந்தது தங்கையின் கணவன். படித்து முடித்ததும் தபால்காரர் கேட்டார்: "மச்சினி உட்கார்ந்திருக்கிற கடைக்கே ஏன் வந்தான்? ஊரில் வேறு அடகுக் கடையே இல்லையா?" எழுதியவரிடம் பதில் இல்லை. இது தற்செயல்கூட இல்லை, மடமை. எந்தத் திருடனும் செய்யமாட்டான். அடுத்த மாதம் முன்பின் தெரியாத பெண்ணாக மாற்றிக்கொண்டு வந்தார். அவளுக்குச் செல்வி யாரென்று தெரியாது, அதனால் அந்தக் கடைக்கு வருவதில் எந்தத் தடையும் இல்லை. கூடவே புதுக் கேள்விகளும் முளைத்தன: யார் இவள்? சங்கிலி இவள் கைக்கு எப்படி வந்தது? தங்கை கொடுத்தாளா, தங்கைக்கே தெரியாதா? ஒரு தவறைத் திருத்தப்போய்க் கதையே பெரிதாகிவிட்டது.

"சிலப்பதிகாரத்துல கோவலன் நேரா அந்தத் திருட்டுப் பொற்கொல்லன் கிட்டயே போறானே. அது நடுவுல வர்ற தற்செயல்தானே? நீங்க சொன்னதுக்கு நேர்மாறா இருக்கே?"

ஆமாம், நேர்மாறாகத்தான் இருக்கிறது. மதுரையில் அத்தனை பொற்கொல்லர் இருக்க, அரசியின் சிலம்பைத் திருடியவனிடமே கோவலன் போய்ச் சிலம்பை நீட்டுகிறான். மேலே சொன்னது கல்லில் செதுக்கிய சட்டம் ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஆனால் இளங்கோவடிகள் அதை எப்படித் தாங்கவைக்கிறார் என்று கவனியுங்கள். ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று பதிகத்திலேயே சொல்லிவிடுகிறார். அப்படிப்பட்ட உலகத்துக்குள்தான் நாம் நுழைகிறோம் என்று தெரிந்தே நுழைகிறோம். அதனால் பொற்கொல்லன் எதிர்ப்படும்போது "என்ன பொருத்தம்" என்று தோன்றுவதில்லை, "வந்துவிட்டதே" என்று வயிறு கலங்குகிறது. நடுவில் தற்செயல் வைத்தே ஆகவேண்டும் என்றால், முதல் பக்கத்திலிருந்தே உங்கள் கதையின் உலகமும் அதைத் தாங்குகிற மாதிரி இருக்கவேண்டும். அது கடினமான வேலை. முதல் கதையிலேயே முயல வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

"சிலப்பதிகாரத்தில் தூண்டல் எது? மாதவியின் மாலையா, கானல்வரியா, சிலம்பா?"

இதை வைத்து ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை போட்டோம், மழை வந்ததுதான் பிரித்துவைத்தது.

மாலைக் கட்சியின் வாதம் இது: அரங்கேற்றம் முடிந்ததும் 1,008 கழஞ்சு பொன் பெறுமானமுள்ள மாலையோடு கூனி ஒருத்தி, செல்வ இளைஞர்கள் திரியும் தெருவில் நிற்கிறாள். வாங்குகிறவர் மாதவிக்கு உரியவர். கோவலன் வாங்குகிறான். அவன் வீட்டைவிட்டுப் போனது அங்கேதான், மற்றதெல்லாம் அதன் விளைவு. (இங்கேயும் ஒரு கூனி. இரண்டு காப்பியங்களிலும் கதையைத் தள்ளிவிடும் கை கூனியுடையதாக இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.) கானல்வரிக் கட்சியினர், அந்த ஏற்பாடு அப்படியே வருடக்கணக்கில் ஓடியிருக்கலாம், கடற்கரையில் யாழை வாங்கி மாற்றி மாற்றிப் பாடியபோது ஒருவர் பாட்டை மற்றவர் தப்பாகப் புரிந்துகொண்டதுதான் புகாரைவிட்டே கிளப்பியது என்றார்கள்.

என் கட்சி மூன்றாவது. கேள்வி ஒன்றில் சொன்ன அதே கேள்வியைக் கேளுங்கள்: யாருடைய கதை? கோவலன் கதையென்றால் மாலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாலை வாங்கிய நாளிலிருந்து கண்ணகி செய்ய முடிந்தது காத்திருப்பது மட்டுமே. கோவலன் திரும்பி வந்து, குன்றம் போன்ற செல்வமெல்லாம் தொலைந்து வறுமை வந்தது, வெட்கமாக இருக்கிறது என்று சொல்கிறான். அவள் சொல்வது: சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லோடு கதை அவளுடையதாகிறது. அதையே முதலாக வைத்து மதுரையில் பிழைக்கலாம் என்று அவன் முடிவெடுக்க, விடியுமுன்னே இருவரும் புறப்படுகிறார்கள். ஒரு கால் சிலம்பு அவன் உயிரைக் குடிக்கிறது. மறு கால் சிலம்பு அரசவையில் உடைந்து உண்மையைச் சொல்கிறது. அன்பால் நீட்டிய பொருளே இத்தனைக்கும் தூண்டலாக இருப்பதை நினைக்கும்போது ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

பெரிய கதைகளில் தூண்டல் ஒன்றோடு நிற்காமல் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறிக்கொண்டே போகும் என்பது அன்றைய சண்டையில் நான் கற்றது.

"கதாநாயகனுக்கு நடக்கணுமா, அவனே செய்யணுமா?"

இரண்டும் நடக்கும். சூதாட அழைப்பு தருமனுக்கு வருகிறது. போவது என்று அவன்தான் முடிவெடுக்கிறான். வெளியிலிருந்து வருவது ஒரு தட்டு, உள்ளிருந்து கதவைத் திறப்பது ஒரு கை. தட்டு மட்டும் இருந்தால் அவர் பரிதாபத்துக்குரிய ஆள், அவ்வளவுதான்.

"எங்க வாழ்க்கையில பட்டுன்னு எதுவும் நடக்காது. கஷ்டம் மெதுவாத்தான் வரும். அதை எப்படி எழுதுறது?"

நெசவாளர் வீட்டிலிருந்து வரும் ஒரு தோழர் கேட்டது. தறிச்சத்தம் ஒரே நாளில் நின்றுவிடாது, தெருவில் ஒவ்வொரு வீடாக அடங்கும் என்றார். அவர் சொல்வது உண்மை, அந்த மெதுவை இழக்காமல் எழுதத்தான் வேண்டும்.

நல்லதங்காள் கதை வழி காட்டும். பஞ்சம் ஒரே நாளில் வருவதில்லை. வயல் காய்ந்து, பானை காலியாகி, பாத்திரம் பண்டம் விற்று, பிள்ளைகள் எலும்பாகிறார்கள். இத்தனை கஷ்டமும் உழவுதான். கதை கிளம்புவது, ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவது என்று அவள் எழுந்து நிற்கும் காலையில்தான். பிறந்த வீட்டுக்குக் கையேந்திப் போகமாட்டேன் என்று அதுவரை இருந்தவள் அன்றைக்கு வாசலைத் தாண்டுகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை, அண்ணி கதவைத் திறக்கவில்லை என்பதெல்லாம் பிறகு.

மெதுவாக வருகிற துன்பத்தில் "இதற்கு மேல் முடியாது" என்று ஒருவர் முதன்முதலாக நடந்துகொள்கிற நாள் ஒன்று இருக்கும். அந்த நாளைத் தேடுங்கள். அந்தத் தோழர் கடைசியில் தறியைப் பிரித்து விற்கிற நாளைக்கூட எடுக்கவில்லை. அப்பா தறிக்குழியில் அரிசி மூட்டையை இறக்கி வைத்த நாளை எடுத்தார். குழி இனி குழியாக இருக்கப்போவதில்லை என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"நான் சுனாமியைப் பத்தி எழுதுறேன். அதைவிடப் பெரிய தூண்டல் என்ன வேணும்?"

2004 டிசம்பர் 26 காலையில் கடலோரம் முழுக்க எல்லோருக்கும் அது நடந்தது. எல்லோருக்கும் நடந்ததால்தான் அது தனியாக ஒருவரின் கதையைத் தூண்டுவதில்லை. அலையை மூன்று பக்கம் வர்ணித்துவிட்டு, அதற்கடுத்து யாரைப் பின்தொடர்வது என்று தெரியாமல் நிற்கிற கதைகளைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்களின் வலி உண்மையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு சிறிதாக ஒரு பொருள் வேண்டியிருக்கிறது.

முகாமில் பெயர் எழுதுகிறவர் முன்னால் ஒரு பெண் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன் உடல் கிடைக்கவில்லை. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்கிறார்: "எந்தப் பட்டியல்ல எழுத, காணாமப் போனவங்கள்லயா, இறந்தவங்கள்லயா?" அவள் வாயிலிருந்து வரும் ஒரு சொல் அவனைச் சாகடிக்கும், அல்லது அவளைக் காலமெல்லாம் காத்திருக்க வைக்கும். என்னைக் கேட்டால் கதை அந்தக் கேள்வியில் கிளம்பவேண்டும். கடல் அவளுக்குப் பின்னால் சத்தமிட்டுக்கொண்டே இருக்கட்டும்.

"செல்வி ஒண்ணுமே பண்ணலைன்னா? பேசாம ரசீது எழுதிக் கொடுத்துட்டா கதை நின்னுடாதா?"

நிற்காது. உண்மையில் அந்தக் கதையில் அவள் அப்படித்தான் செய்தாள். மனிதர்கள் முதலில் நழுவத்தான் பார்ப்பார்கள். தலை குனிந்து எடையைக் குறித்து, ரசீதைக் கிழித்து நீட்டுகிறாள். மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அந்த மௌனத்துக்கு விலை ஏறிக்கொண்டே போகவேண்டும். முதல் நாள் தங்கையின் போனை எடுக்கவில்லை. இரண்டாம் நாள் தங்கையே நேரில் வருகிறாள், கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். "சங்கிலி எங்கே" என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லவேண்டி வரும், கேட்காவிட்டால் அக்காவே இல்லை. தங்கை சிரித்துக்கொண்டே "வெயிலுக்குக் கழுத்து அரிக்குதுக்கா, கழட்டி வச்சிருக்கேன்" என்கிறாள். மறுக்கிற கதைமாந்தரால் கதை நிற்பதில்லை. மறுத்தும் எதையும் இழக்காமல் இருந்தால்தான் நிற்கும்.

"நாவல் பாதி எழுதிட்டேன். இப்போதான் தூண்டலே தப்புன்னு தெரியுது. எல்லாத்தையும் கிழிச்சுப் போடணுமா?"

கிழிக்காதீர்கள். எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு மூன்று காரியம் செய்து பாருங்கள். இப்போது இருக்கும் தூண்டலை மனதுக்குள் எடுத்துவிட்டுப் பின்பாதியைப் படியுங்கள். அது இல்லாமலும் எல்லாம் நடக்கும் என்றால் உண்மையான தூண்டல் வேறெங்கோ ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கும்.

அடுத்து, நாவலில் எந்த இடத்தை எழுதும்போது உங்களுக்கே கை வேகமாக ஓடியது என்று நினைத்துப் பாருங்கள். அந்த இடத்துக்குப் பின்னோக்கி வழி தேடுங்கள். மூன்றாவதாக, ஒரு பக்கத்தில் கதையை வாய்மொழியாகச் சொல்வதுபோல எழுதுங்கள்: "இப்படி இருந்தாள், ஒரு நாள் என்ன ஆச்சுன்னா..." "ஒரு நாள்" என்று எங்கே உங்கள் பேனா தானாக எழுதுகிறதோ அங்கே நின்று பாருங்கள். பாட்டிகள் எல்லோரும் அந்தச் சொல்லைச் சரியான இடத்தில்தான் வைத்தார்கள்.

இந்த மூன்றிலும் எதுவும் சிக்கவில்லை என்றால், வித்தை விட்டுவிட்டு நிலத்தைப் பாருங்கள். நான்காவது கேள்வியில் சொன்ன உழவு பத்தாமல் போயிருக்கலாம். அங்கே ஒரு மண்ணுருண்டை தேவைப்படலாம்.

"தூண்டலுக்கும் முடிவுக்கும் சம்பந்தம் இருக்கணுமா?"

இருக்கவேண்டும், ஆனால் முடிச்சு அவிழ்ந்தே தீரவேண்டும் என்ற பொருளில் இல்லை. தூண்டல் ஒரு கேள்வியைக் கேட்டது என்றால், முடிவு அந்தக் கேள்வியை மறக்காமல் இருந்தால் போதும். மனுநீதிச் சோழன் கதையில் மணி கேட்டது: பசுவுக்கும் உன் நீதி உண்டா? அமைச்சர்கள் பரிகாரம் போதும் என்கிறார்கள், அரசன் ஏற்கவில்லை. மகன்மேல் தேரை ஓட்டச் சொல்லி ஏவப்பட்ட அமைச்சன் அதைச் செய்ய மனமின்றித் தன் உயிரையே விடுகிறான். கடைசியில் அரசனே ஓட்டுகிறான். மணிக்குச் சொன்ன பதில் அது.

செல்வி கதையை எழுதியவர் நான்கு முடிவு எழுதிப் பார்த்தார். ஒன்றில் குட்டு வெளிப்பட்டது, ஒன்றில் தங்கை வீட்டைவிட்டு வந்தாள், ஒன்றில் சங்கிலி ஏலத்துக்குப் போனது. எதுவும் ஒட்டவில்லை. நான்காவதில், செல்வி தன் சம்பளத்தில் முன்பணம் வாங்கி, அசலும் வட்டியும் கட்டிச் சங்கிலியை மீட்க முதலாளி முன் நிற்கிறாள். அவர் ரசீது கேட்கிறார். ரசீது அவளிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. அவள் கையாலேயே எழுதிக் கொடுத்தது.

அங்கே நிறுத்தினார். மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தபால்காரர், "அந்தப் பொம்பளை முகவரி ரசீதோட அடிக்கட்டையில இருக்குமே" என்றார். எழுதியவர் நோட்டைத் திறந்து அடுத்த கதைக்கு அதைக் குறித்துக்கொண்டார்.